பச்சைப் பட்டினி

மாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும் நாள். அன்று முதல் 28 நாள்கள் மாரியம்மன் தன் பக்தர்களின் நலனுக்காகத் தானே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது ஐதிகம். அந்நாள்களில் அன்னைக்கு வழக்கமான தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம் ஆகியவையே நைவேத்தியம்.

எரியோட்டில் ஒரு வீட்டில், மூன்று மாதக் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த இளம் தாய் ஒருத்தி, தானும் அந்த 28 நாள்களும் அம்மனோடு விரதம் இருக்கப்போவதாக அன்று காலை சொன்னாள். சுகப்பிரசவத்துக்காக வேண்டிக்கொண்டாளாம். தந்தைக்குப் பெருமை. தாயின் முகம் மட்டும் வாடியது. அடுக்களை நிலைப்படியில் அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அப்பத்தாவின் கை நின்றது.

காரணம் இருந்தது. கல்லூரி விடுதியில் படித்த காலத்தில் அந்தப் பெண் சோற்றை வெறுத்தாள். உடல் எலும்பாகத் தேய்ந்த பின்னும் தான் பருமனாக இருப்பதாகவே கண்ணாடி அவளுக்குக் காட்டியது. ஊருக்கு வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டு மனநல மருத்துவரிடம் இரண்டு ஆண்டுகள் அழைத்துச் சென்றார்கள். இந்நோய்க்கு ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்று 1873-ல் பெயர் சூட்டியவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல். இது வறுமையால் வருவதன்று, அடம்பிடித்தலும் அன்று. இதற்கு நெருங்கிய உறவான புலிமியா என்னும் நோயால் பல ஆண்டுகள் துன்புற்றதாக இளவரசி டயானாவே 1995 நவம்பரில் தொலைக்காட்சியில் சொன்னார். 1982-ல் மூத்த மகன் பிறந்த பிறகு மனச்சோர்வும் அவரை வாட்டியது. அரண்மனைச் சமையலறையில் என்ன குறை இருந்திருக்க முடியும்?

எரியோட்டுப் பெண் தேறினாள், மணமானாள், கருவுற்றாள். கர்ப்ப காலம் முழுவதும் குழந்தைக்கு என்று சொல்லிச் சொல்லித் தட்டைக் காலி செய்தாள். குழந்தை வெளியே வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. உறக்கமில்லாத இரவுகளும் உருமாறிய உடலும் மிஞ்சின. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இந்நோய் திரும்பி வருவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று.

வீட்டில் பத்தியம் வேறு. அது கூடாது, இது ஆகாது என்ற ஒவ்வொரு விலக்கையும் அவள் முகம் சுளிக்காமல் ஏற்றாள். ‘என்ன பொறுப்பான பிள்ளை’ என்றார்கள். விலக்கியவற்றின் பட்டியல் மெல்ல நீண்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. குழந்தையின் எடையைப் பார்க்கக் கணவர் வாங்கித் தந்த எடைக்கருவியில் அவளே நாளுக்கு நாலு முறை ஏறி நின்றாள். தொட்டில் கட்டிய அன்று வந்த உறவுக்காரர் ஒருவர், “இப்பவே உடம்பு கரையலைன்னா அப்புறம் கரையாது” என்று சொல்லிப் போனார். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் தாயின் உடம்பை அளப்பது நம் பக்கத்து வழக்கம். விட்டொழிக்க வேண்டிய வழக்கம்.

அன்று பிற்பகல், குழந்தை உறங்கிய நேரத்தில், அப்பத்தா பேத்தியின் அருகில் போய் அமர்ந்தார்.

“ஏத்தா, விரதம்னா நமக்குப் பிடிச்சதை விடுறது. உனக்குச் சாப்பாட்டை விடுறதுதானே பிடிச்சது? அதை எப்படி விரதம்னு ஆத்தாகிட்டச் சொல்லுவே?”

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, “எனக்கே தெரியலை அப்பத்தா, இது சாமிக்கா, அதுக்கான்னு” என்று சொல்லி அழுதாள். ‘அது’ என்றால் எது என்று அப்பத்தாவுக்குத் தெரியும்.

கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் நோயாளிகளுக்கும் உபவாசம் வேண்டியதில்லை என்று பெரியோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அப்பத்தாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. “ஆத்தா நமக்காகப் பட்டினி கிடக்கிறா. நாம சாப்பிடணும்னுதானே கிடக்கிறா?” என்று மட்டும் கேட்டார்.

நேர்த்திக்கடனை இருவரும் மாற்றிக்கொண்டார்கள். பேத்தி ஞாயிறுதோறும் பச்சரிசியை ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, வெல்லம் சேர்த்துத் துள்ளுமாவு செய்து படைப்பது. படைத்ததை அப்பத்தாவோடு அமர்ந்து உண்பது. பழைய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். மூன்று வேளை உணவு, இடையிடையே சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது, தனியே உண்ணக் கூடாது, ஒரு வாரத்துக்குள் நேரில் வரவேண்டும் என்றார் அவர். எடைக்கருவி அன்றே பரணுக்குப் போனது. குழந்தையை அங்கன்வாடியில் நிறுத்துக்கொள்ளலாம். மருத்துவரை உடனே அணுக முடியாத குடும்பங்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சில நாள் ஓர் இட்லியோடு எழுந்துவிடுவாள். அப்பத்தா திட்டமாட்டார், தன் தட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருப்பார். அவள் திரும்பி வருவாள், சில சமயம் அரைமணி கழித்து.

கடினமான வேலை மீதமிருந்தது. பங்குனியில் பெண்ணையும் பிள்ளையையும் அழைத்துப்போகக் கரூரிலிருந்து மாமியார் வந்தார். மறைக்கலாம் என்றார் தந்தை. “அங்க போய் யாரு கூட உக்காந்து சாப்பிடுவா?” என்று கேட்டுவிட்டு அப்பத்தாவே சம்பந்தியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றார் அவர். நியாயமான வருத்தம், அப்பத்தா மறுக்கவில்லை. அன்று மாலை வரை மாமியார் யாரிடமும் அதிகம் பேசவில்லை. விளக்கு வைத்த பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

“எந்தெந்த நேரத்துக்குச் சாப்பிடணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடும்மா. எனக்குக் கண்ணு மங்கல், பெரிசா எழுது.”