இடைவெளி பொய் சொல்லலாமா?

நிரல் எழுதுவோர் கூடியிருக்கும் இடத்தில் டேப் நல்லதா, ஸ்பேஸ் நல்லதா என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைய பொழுது போய்விடும். அந்தச் சண்டைக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் எடிட்டருக்குள் தானியங்கி ஃபார்மேட்டர் வந்தது என்பார்கள். சேவ் செய்ததுமே வரிகள் தாமாக ஒழுங்காகிவிடுகின்றன. பிறகு சண்டை போட என்ன இருக்கிறது? உண்மைதான், ஆனால் அது சின்ன லாபம். கையால் விடும் உள்தள்ளல், எழுதியவர் என்ன நினைத்தார் என்பதைக் காட்டுகிறது. ஃபார்மேட்டர் விடும் உள்தள்ளலோ, மொழியின் இலக்கணப்படி நிரல் உண்மையில் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இந்த இரண்டும் பிரியும் இடத்தில்தான் பிழை பதுங்குகிறது.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7.0.6 பதிப்பை அவசரமாக வெளியிட வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு உபரி வரி. பாதுகாப்பான இணைய இணைப்பில் எதிர்முனை சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சி மொழி நிரல் அது. ஓர் 'இஃப்' நிபந்தனை. அதன் கீழே சற்று உள்ளே தள்ளி 'கோட்டூ ஃபெயில்', அதாவது கடைசியில் உள்ள 'ஃபெயில்' பகுதிக்குத் தாவு, என்று ஒரு வரி. அதற்கும் கீழே, அதே அளவு தள்ளி, அதே வரி இன்னொரு முறை. சுற்றிலும் நெளிவு அடைப்புக்குறி கிடையாது. கண்ணுக்கு இரண்டு வரிகளுமே நிபந்தனைக்குள் அடங்கியவை. கம்பைலருக்கோ முதல் வரி மட்டுமே அடங்கியது. இரண்டாவது எந்த நிலையிலும் ஓடும். ஆகவே நிரல் மிச்சச் சோதனைகளைத் தாண்டிக் கடைசிக்குப் போய், பிழை எதுவும் பதிவாகாததால் 'எல்லாம் சரி' என்று பதில் சொல்லிவிட்டது. ஃபார்மேட்டர் ஓடியிருந்தால் இரண்டாம் வரி இடப்பக்கம் நகர்ந்து 'இஃப்'புக்கு நேர்கீழே அம்மணமாக நின்றிருக்கும். படித்துப் பார்ப்பவர் அப்போதும் தவறவிடலாம். ஆனால் தவறவிடுவது கடினமாகியிருக்கும்.

இதைக் கம்பைலரே எச்சரிக்கலாமே என்பது நியாயமான கேள்வி. 2016-இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், உள்தள்ளல் தவறாக வழிநடத்தும் இடங்களைச் சுட்டிக்காட்டத் தொடங்கியது. இடைவெளி பொய் சொல்லும் என்பதைக் கம்பைலர் எழுதுவோரே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எச்சரிக்கை திரையில் ஓடி மறைந்துவிடும். ஃபார்மேட்டர் வரியையே நகர்த்திவிடும். பைதானில் மட்டும் இந்த வாதம் செல்லாது. அங்கே உள்தள்ளலே இலக்கணம். தவறாகத் தள்ளிய வரியைத் தவறு என்று அறிய 'பிளாக்' போன்ற ஃபார்மேட்டருக்கு வழியே இல்லை. அங்கே மிஞ்சுவது அந்தச் சின்ன லாபம்தான்.

அழகு கெடுகிறது என்பது அடுத்த குறை. நாலுக்கு நாலு அணியின் எண்களைப் பத்தி பிசகாமல் அடுக்கி வைத்திருப்பார் ஒருவர்; ஃபார்மேட்டர் வந்து கலைத்துவிடும். அந்த அடுக்கலில் பொருள் இருக்கிறது, அது கலைவது நஷ்டமே. அதற்குத்தான் 'இந்தப் பகுதியைத் தொடாதே' என்று குறிப்பெழுதும் வசதி பிரிட்டியர், கிளாங்-ஃபார்மேட் போன்ற ஃபார்மேட்டர்களில் இருக்கிறது. மற்றபடி ரசனை என்று நாம் கொண்டாடுவதில் பாதி வெறும் பழக்கம். பிரிட்டியர் இயல்பாக வைத்திருக்கும் வரி அகலம் 80 எழுத்து. ஐபிஎம்மின் துளை அட்டையில் இருந்த பத்திகளும் 80! அதைவிட எனக்கு உறுத்துவது அமைப்பு விருப்பங்களின் பெருக்கம். கிளாங்-ஃபார்மேட்டில் அவை நூற்றுக்கும் மேல். சண்டை நிரலிலிருந்து அமைப்புக் கோப்புக்கு இடம் மாறியதுதான் மிச்சம். 2009-இல் வெளியான 'கோ' மொழி தன்னோடு கொண்டுவந்த 'கோஃபம்ட்' ஃபார்மேட்டர், பாணியைத் தேர்ந்தெடுக்க இடமே தருவதில்லை. டேப்தான், பேச்சு முடிந்தது. வரியை எங்கே உடைப்பது என்பதை மட்டும் பெரும்பாலும் எழுதுபவரிடமே விட்டுவைக்கிறது. இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகப் படுகிறது.

பழைய நிரலில் ஃபார்மேட்டரை ஓடவிட்டால், எந்த வரியை யார் எழுதினார் என்ற வரலாறு மறைந்துபோகும் என்ற அச்சம் ஒரு காலத்தில் பொருத்தமாக இருந்தது. நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் 2.23 பதிப்பு, 2019 ஆகஸ்டில் வந்தபோது, குறிப்பிட்ட கமிட்களை ஒதுக்கிவிட்டு வரலாறு பார்க்கும் வசதியைத் தந்துவிட்டது. ஆகவே பழைய நிரலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முழு நிரலையும் ஒரே கமிட்டில் ஒழுங்குபடுத்துங்கள், அதில் வேறெந்த மாற்றத்தையும் கலக்காதீர்கள், அதன் எண்ணை ஒதுக்கல் பட்டியலில் எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு எடிட்டரில் 'சேவ்' செய்யும்போதே ஃபார்மேட் ஆகும்படி வைத்துவிடுங்கள்.