நோட்டில் இல்லாதவர்

குடியிருப்போர் சங்கச் செயலாளரான புதிதில் ரோமானியத் தத்துவஞானி செனெகாவைப் படித்துக்கொண்டிருந்தேன். கோபத்தைப் பற்றிய அவருடைய நூலின் மூன்றாம் பகுதியில் ஓர் இடம் வரும். இரவு விளக்கை அகற்றி, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்று தான் செய்ததையும் சொன்னதையும் ஒன்றுவிடாமல் விசாரித்துக்கொள்வாராம். செக்ஸ்டியஸ் என்ற தத்துவ ஆசிரியரின் வழக்கம் அது. பொதுக் காரியத்தில் இறங்கியவனுக்கு இது அவசியம் என்று பட்டது. நானும் ஒரு நோட்டு போட்டேன்.

தண்ணீர் லாரி வரவில்லை என்று மாடிப்படியில் மறித்துக் கத்தியவர், பராமரிப்புப் பணத்தைப் பாக்கி வைத்துக்கொண்டே கணக்குக் கேட்டவர், இவர்களிடமெல்லாம் நான் நிதானம் தவறாமல் நடந்துகொண்ட விதம் என்று பக்கங்கள் நிறைந்தன. செனெகாவைக்கூட எடைபோட்டேன். கி.பி. 59-இல் ரோமப் பேரரசர் நீரோ தன் தாயைக் கொன்றதற்குச் சமாதானம் சொல்லி செனட்டுக்குப் போன கடிதத்தை எழுதியவர் இவர்தான் என்று அப்போதே பழி எழுந்ததை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். அன்றிரவு இவர் தன்னை என்ன கேட்டிருப்பார் என்று யோசித்தேன்.

அந்தக் கோடையில் எங்கள் வாட்ச்மேன் வேலையை விட்டுப் போய்விட்டார். வயதானவர். கேட்டருகே தகரக் கூரை போட்ட அறை. "ஒரு டேபிள் ஃபேன் கெடச்சா நல்லாருக்கும் சார்" என்று கேட்டிருந்தார். கமிட்டியில் சொல்கிறேன் என்றேன். மறுபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். சொல்லவே இல்லை.

அவர் போன அன்று நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஃபேன் எங்கும் இல்லை. அவரும் இல்லை. என்னிடம் கோபப்பட்ட அத்தனை பேரும் இருந்தார்கள். கோபப்பட முடியாத ஒருவர், அந்தப் பக்கங்கள் முழுக்க, ஒரு வரியில்கூட இல்லை.

செனெகாவைத் திரும்ப எடுத்தேன். தன்னை விசாரித்துக்கொண்டே வருகிறவர், நண்பரை உள்ளே விடவில்லை என்பதற்காக ஒரு பணக்கார வீட்டு வாயிற்காவலன்மேல் கோபப்பட்டதைச் சொல்கிறார். காவலன் அடிமை. அதற்கு மேலேயும் கீழேயும் நான் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அந்த வரியில் மட்டும் கோடு இல்லை.

நம்பரைத் தேடி எடுத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். ஃபேன் விஷயத்தில் தப்பு செய்துவிட்டேன் என்றேன். "அதெல்லாம் விடுங்க சார். தண்ணி லாரி இப்ப ஒழுங்கா வருதா?" என்றார்.