பேர்ட்ஸ்வில் பாதையிலே

தென் அவுஸ்திரேலியாவில் மரீ என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்து வடக்கே குவீன்ஸ்லாந்திலுள்ள பேர்ட்ஸ்வில் வரை ஏறக்குறைய 520 கிலோமீற்றர் நீளத்திற்கு ஒரு பாதை செல்கிறது. மாட்டு மந்தைகளை ரயிலடிக்கு ஓட்டிச் செல்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்பட்ட வழி அது. அதன் பெரும்பகுதி இன்றும் தார் காணாதது. 1936ஆம் ஆண்டு முதல் அவ்வழியே லொறியில் தபால் கொண்டு சென்ற டொம் குரூஸ் என்பவரைப் பற்றி 1954இல் ஒரு திரைப்படமே வெளிவந்தது.

அடிலெயிட்டில் வாழும் என் தமக்கையாரின் குடும்பத்தோடு ஓர் ஆடி மாதத்தில் அப்பாதையிலே பயணஞ் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆடி அங்கே குளிர்காலம். கோடையில் அறிவுடையோர் அப்பக்கம் போகார். வண்டி நான்கு சக்கரங்களும் உந்தும் வகையினது. மணலிலும் சேற்றிலும் அதன் வலிமை பெரிது. ஆனால் பரற்கற்களின்மீது தடையை அழுத்தினால் அதுவும் ஏனைய வண்டிகளைப் போலவே சறுக்கும். இதனை அறியாது விரைவோர் பலர்.

மரீயிலே அத்தான் ரயர்களின் காற்றைச் சற்றுக் குறைத்தார். விறைத்த ரயரைக் கூர்ங்கல் கிழித்துவிடும். சற்றுத் தளர்ந்தது கல்லை அணைத்துக் கடக்கும். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைத்தல் வேண்டும். இல்லையேல் ரயர் சூடேறிக் கெடும்.

முதலிரவு மங்கரனியில் தங்கினோம். அங்கே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் வெந்நீராகவே மேலே வருகிறது.

மறுநாள், ஸ்டேர்ட் கற்பாலையில், அத்தனை கவனத்திற்கும் மசியாத ஒரு கல் பின்சக்கரத்தைக் கிழித்தது. நாங்கள் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்த வேளையில் பத்து வயது மருமகன், “மாமா, அங்கே குளம்!” என்று கூவியவாறு நடக்கத் தொடங்கினான். நம் முன்னோர் பேய்த்தேர் என்றழைத்த கானல்நீர் அது. அத்தான் கருவியை எறிந்துவிட்டு, “நில்லடா!” என்று இட்ட சத்தத்தில் நானே நடுங்கிவிட்டேன். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

சக்கரத்தைப் பூட்டிய பின்னரே அவர் காரணஞ் சொன்னார். 1963 டிசம்பரில் தாய், தந்தை, மூன்று புதல்வர்கள் என ஐவர் இப்பகுதியிலே வழி தவறினர், பெற்றோலும் தீர்ந்தது. வண்டியை விட்டு நடந்து சென்ற அவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆகாயத்திலிருந்து தேடுவோருக்கு வண்டி தெரியும். அவ்வெளியில் மனிதர் தெரியார்.

“அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வயது, அப்பா?” என்று கேட்டான் பையன். அத்தான் மறுமொழி கூறவில்லை. அக்கா அவனுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். குடித்து முடித்தவன், வண்டியின் பின்புறஞ் சென்று, நீர்க்கலன்களின் மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்துவிட்டு வந்து அமர்ந்தான்.