பேருல ஜலம்... நிழல் எங்கே?

பேருலயே ஜலம் வெச்சிருக்கிற ஊர், சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம். தெருவுக்குள்ள நுழைஞ்சா தறிச் சத்தம்தான் வரவேற்பு. சித்திரை வெயில்ல பஸ்ஸுக்கு நின்னு பாருங்க... கடை போர்டு, கரன்ட் கம்பம்னு எது நிழல் தருதோ, அதை ஒட்டி ஜனங்க நிப்பாங்க. இந்த மாதிரி ஊர்ல நாலு ரோடு சந்திப்புக்கு மரம் தேடுறது அழகுக்கு இல்லீங்க, உசுருக்கு!

முதல் கேள்வி, எங்கே நடணும்? ஜலகண்டாபுரம் கிட்டத்தட்ட 12 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. ஏப்ரல் கடைசியிலேருந்து ஆகஸ்ட் பாதிக்கு மேல வரைக்கும், உச்சி வெயில் அடிக்கிற சூரியன் நம்ம தலைக்கு வடக்கே நிக்கும். வாட்டி எடுக்கிற மூணு மணி வெயில், மேற்குலேருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி வரும். அதனால பெரிய மரம் மேற்கு, வடமேற்கு ஓரத்துல. உட்கார்ற திண்ணை அதுக்குக் கிழக்கே. சிம்பிள் ஜியோமெட்ரி!

அடுத்து, எதை நடணும்? 'சீக்கிரம் வளருது, ஆடு மாடு தொடாது'னு கோனோகார்பஸை ஊர் ஊரா நட்டாங்க. அதுவே தலைவலியாகி, 2023-ல குஜராத்தும் 2025-ல தமிழ்நாடும் தடை போட்டன. மடகாஸ்கர்லேருந்து வந்த செம்மயிற்கொன்றை பூத்தா கண்ணுக்கு விருந்துதான். ஆனா கோடையில இலையைக் கொட்டிட்டு நிக்கும், கிளையும் சுலபமா முறியும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ சென்னையில இந்த மாதிரி மரங்கள் எக்கச்சக்கமா சாய்ஞ்சுது.

நம்ம ஹீரோ புங்கன்! அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடியே பளபளன்னு புதுத் தளிர் விட்டு ரெடியாயிடும். கூட ரெண்டு வேம்பு. கரன்ட் கம்பிக்குக் கீழே இதுங்க வேண்டாம், வருஷா வருஷம் மொட்டையடிப்பாங்க. அங்கே குட்டையான பவளமல்லி போதும். ரோடு திரும்புற முனையில முழங்கால் உயரத்துக்கு மேல எதுவும் கூடாது, வண்டி ஓட்டுறவங்களுக்கு எதிர்ப்பக்கம் தெரியணும். அங்கே வெட்டிவிட்ட இட்லிப்பூச் செடி.

அரளி? நாற்கரச் சாலை நடுவுல அது சூப்பர்: தண்ணி கம்மி, ஆடு கடிக்காது, எதிர் வண்டி ஹெட்லைட்டையும் மறைக்கும். ஆனா இலை, பூ, விதை எல்லாமே விஷம். குழந்தைங்க விளையாடுற இடத்துல வேண்டவே வேண்டாம்.

செடி நட்டு போட்டோ எடுக்க அஞ்சு நிமிஷம் போதும் ஃப்ரெண்ட்ஸ். முதல் ரெண்டு கோடைக்கு யார் குடம் தூக்கப் போறாங்கன்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் குழி தோண்டுங்க!