மாவட்டப் பக்கத்தில் ஓர் ஊர்

வடகிழக்குப் பருவமழை வலுத்து செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பத் தொடங்கிவிட்டால் எல்லாப் பத்திரிகைகளிலும் ஏறக்குறைய ஒரே அறிவிப்பு வரும். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை ஆகிய ஊர்களிலும் அடையாற்றின் இரு கரைகளிலும் தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குப் போய்விட வேண்டும் என்று. அதைப் படித்துவிட்டு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எங்களுக்குப் போன் செய்வார்கள். மழை விட்டதும் எங்கள் ஊரின் பெயரும் பத்திரிகையை விட்டுப் போய்விடும்.

அப்புறம் அந்தப் பெயரைப் பார்க்க மாவட்டச் செய்திப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். திருமுடிவாக்கத்தின் இருப்பு அப்படி. ரயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாங்கள் போவது பல்லாவரம், தாம்பரம் பக்கம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, பக்கத்திலிருக்கும் அனகாபுத்தூரும் திருநீர்மலையும் அதில் சேர்ந்தன. நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில், குன்றத்தூர் ஒன்றியத்தில், ஊராட்சியாகவே நின்றோம். சிட்கோ தொழிற்பேட்டை, வெளிவட்டச் சாலை, பழைய கல்குவாரிகள், புதிது புதிதாய் முளைக்கும் மனைப்பிரிவுகள் என்று ஒரு நகரத்துக்கான பிரச்சினைகள் அத்தனையும் இங்கே உண்டு. ஆனால் சென்னை நிருபருக்கு நாங்கள் வேறு மாவட்டம். காஞ்சிபுரம் நிருபருக்குக் கடைக்கோடி.

இப்படிப்பட்ட ஊருக்கு உள்ளூர்ச் செய்தி பொழுதுபோக்கு அல்ல. சட்டமே அதை நம்பி எழுதப்பட்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் பாருங்கள். நிலம் எடுப்பதற்கான முதல்நிலை அறிவிக்கை, அந்தப் பகுதியில் புழங்கும் இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அறிவிக்கை வந்து 60 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் தெரிவிக்க வேண்டும். பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தை ஊரில் ஒருவராவது படித்து நாலு பேரிடம் சொன்னால்தான் அந்த 60 நாளுக்கும் 30 நாளுக்கும் பொருள் உண்டு.

2015 டிசம்பரை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க முடியாது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் வந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. ஏரி உடைந்துவிட்டது என்றும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் அந்த வாரங்களில் பரவிய வதந்திகளைப் பொய் என்று சொல்ல, விடிந்ததும் கையில் ஒரு காகிதம் தேவைப்பட்டது. டிசம்பர் 2 அன்று, 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ ஆங்கில நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. செய்தி எவ்வளவு தேவையோ அவ்வளவு கிடைக்காமல் போன நாள் அது.

ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு பத்திரிகைகள் அதை விடவில்லை. ஏரியை எப்போது, எவ்வளவு திறந்தார்கள் என்ற கேள்வி திரும்பத் திரும்ப அச்சில் வந்தது. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இது மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று சொன்னது, பத்திரிகை வழியாகத்தான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயலின்போது, முன்கூட்டியே சொல்லிவிட்டு முதலில் 1,000 கன அடி மட்டும் திறந்தார்கள். இப்போது மழைக்காலத்தில் ஏரியின் நீர்மட்டம் 24 அடியில் எத்தனை அடி என்பது டீக்கடையில் பேசப்படும் கணக்கு. ஜனங்களுக்குக் கணக்குத் தெரிந்தால் அதிகாரிகளுக்கும் பொறுப்பு கூடும்.

சாதாரண நாட்களிலும் இதே வேலை நடக்கிறது. தினத்தந்தியின் ‘புகார் பெட்டி’யைப் பாருங்கள். சாய்ந்த மின்கம்பம், மூடியில்லாத கால்வாய், எரியாத தெருவிளக்கு என்று ஒரு சின்னப் படமும் நாலு வரியும். சில நாள் கழித்து அதே இடத்தில், மின்வாரியம் கம்பத்தை மாற்றிவிட்டது என்று இன்னும் நாலு வரி. மனு கொடுத்துக் கால் தேய்ந்தவருக்குத்தான் அந்த நாலு வரியின் அருமை தெரியும். பெரிய நாளிதழ்கள் வளர்ந்ததும் இப்படித்தான். தினத்தந்தி 1942இல் மதுரையில் பிறந்தது. தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில், திருவிதாங்கூர்த் தமிழர்களுக்காகக் குரல் கொடுக்கப் பிறந்தது. சின்ன ஊர்களின் பெயரை அச்சில் போட்டதால்தான் அவை சின்ன ஊர்களில் விற்றன.

சென்னையில் மயிலாப்பூர், அடையாறு பகுதிகளுக்கென்றே தனித்தனி ஆங்கில வார இதழ்கள் உண்டு. மயிலாப்பூர் டைம்ஸ் 1994 முதல் வீடுவீடாக இலவசமாக வந்தது. அந்தந்தப் பகுதிக் கடைகளின் விளம்பரம் அதற்குச் சோறு போட்டது. திருமுடிவாக்கத்தில் அது நடக்காது. சிட்கோவில் பல் சக்கரம் செய்பவருக்கு வாடிக்கையாளர் இந்தத் தெருவில் இல்லை. அதனால் எங்களைப் போன்ற ஊர்களின் செய்தி பகுதிநேர நிருபர் ஒருவரின் தலையில் விழுகிறது. சொற்பச் சம்பளம், மலர் போடும்போது விளம்பரமும் அவரே பிடித்துக் கொடுக்க வேண்டும். விளம்பரம் கொடுத்தவர் ஏரி நிலத்தில் மண் கொட்டினால் நிருபர் எப்படி எழுதுவார்? இந்தத் தொழிலின் ஆறாத புண் இது.

செய்தி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் கணக்கே போட்டிருக்கிறார்கள். 1996 முதல் 2015 வரையிலான தரவுகளை வைத்து மூன்று நிதியியல் பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட இடங்களில் உள்ளாட்சிகள் வாங்கும் கடனுக்கான வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை ஏறியிருந்தது. 100 கோடி ரூபாய்க் கடன் என்றால் ஆண்டுக்கு 5 முதல் 11 லட்சம். கேட்க ஆளில்லாத இடத்தில் செலவு கூடும் என்று கடன் கொடுப்பவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பேப்பர் வாங்காமல் மிச்சம் பிடித்த காசை வரியாகக் கட்ட வேண்டியதுதான்.

நம் பக்கத்திலேயே நல்ல உதாரணமும் உண்டு. சிட்லபாக்கம் ஏரிக்காகக் குடியிருப்போர் வருடக்கணக்கில் மனு கொடுத்தார்கள், 2019 கோடையில் தாங்களே இறங்கித் தூர் வாரினார்கள். பத்திரிகைகள் அதைத் தொடர்ந்து எழுதின. அந்த ஆண்டே சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. மக்களின் உழைப்பு முதல். அதை நாடறியச் செய்தது செய்தி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆகவே இந்தப் பக்கத்து வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். மாவட்டப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். மூலையில் இருக்கும் பொது அறிவிப்பைப் படித்துப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் தெருக் குழுவோடு நின்றுவிடும் புகாரை ஊர்ப்பெயர், தெருப்பெயர், படத்தோடு பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கப்படும்போது அங்கே இருங்கள், நிருபரையும் கூப்பிடுங்கள். விடிவதற்குள் இணைப்புகளைச் செருகி மழையிலும் பேப்பர் போடுகிறவருக்கு மாதப் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுங்கள். தண்ணீர் வராத மாதங்களிலும் நம் ஊர் செய்தியில் இருக்க வேண்டுமென்றால், அதற்கான செலவில் ஒரு பங்கு நம்முடையது.