பிளாக்வாட்டரில் விரால்

வெயில் ஏறினால்தான் விரால் மேலே வரும் என்பதால் நிதானமாகத்தான் கிளம்பினோம். பால்டிமோரிலிருந்து செசபீக் விரிகுடாவின் நெடும்பாலத்தைக் கடந்து தெற்கே இறங்கினால் மேரிலாந்து மாநிலத்தின் டார்செஸ்டர் கவுன்டி. பிளாக்வாட்டர் வனவிலங்குப் புகலிடம் அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கோரை, நடுநடுவே பைன் மரத் திட்டுகள், தலைக்கு மேலே வெண்தலைக் கழுகுகள். தண்ணீர் டிகாஷன் நிறத்தில் கிடந்தது.

நாங்கள் தேடிப் போனது நம்மூர் விராலின் பங்காளியை. சீனாவும் கொரியாவும் ரஷ்யாவின் கிழக்குக் கோடியும் அதன் தாயகம். 2002இல் மேரிலாந்தின் கிராஃப்டன் ஊர்க் குளமொன்றில் அது பெருகியிருப்பது தெரியவந்தது. சூப் வைப்பதற்காக நியூயார்க்கிலிருந்து உயிரோடு வாங்கிய இரண்டு மீன்களை ஒருவர் அந்தக் குளத்தில் விட்டிருந்தார். அதிகாரிகள் குளத்தில் நஞ்சு கலந்து அத்தனையையும் அழித்தார்கள். ஆனால் 2004இல் பொடோமாக் ஆற்றில் அதே மீன் அகப்பட்டது. கிராஃப்டன் மீன்களின் வழி வந்ததல்ல அது என்று மரபணு ஆய்வு காட்டியது. வேறு யாரோ, வேறெங்கோ விட்டிருக்கிறார்கள்.

எங்கள் நால்வரில் மூத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சிறுவயதில் வாய்க்கால் ஓரம் உயிர்த் தவளையை முள்ளில் கோத்து விரால் பிடித்தவர். இங்கே அவர் கையில் இருந்தது மான் ரோமத்தில் கட்டிய தவளை. ஃப்ளை ஃபிஷிங்கில் இரைக்குக் கனமே கிடையாது. தடித்த நூலின் கனம்தான் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். எட்டாம் எண் கோல், கோரையில் சிக்காதபடி காப்புக் கம்பி வைத்த முள், மிதக்கும் நூல். இவ்வளவுதான் சாமான்.

விரால் செவுளை மட்டும் நம்பி வாழ முடியாது. மூச்சுக்கு மேலே வந்தே தீர வேண்டும். அந்த ஒரு குமிழியைத்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி தெரிந்ததும் அதற்கு ஓரடி முன்னால் தவளையை வீசி, கையால் நூலைச் சிறு சிறு இழுப்பாக இழுத்தேன். கோரை அசைந்தது. நீர் அம்புமுனையாகப் பிளந்து வந்தது. படாரென்று ஒரு வாய்! அப்போது கோலைத் தூக்கக் கூடாது, நூலைத்தான் வெட்டி இழுக்க வேண்டும். கை நீளத்துக்கு ஒரு மீன், மலைப்பாம்புத் தோலோடு, படகுக்குள் வந்து விழுந்தது.

அடுத்த குமிழிக்கு அருகே குஞ்சுக் கூட்டம் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காக்கும் மீன் இது. காவலில் இருக்கும்போது எதைப் போட்டாலும் பாயும். இளையவன் கோலை மடியில் வைத்துவிட்டான். “வேண்டாம்ணா, குஞ்சோட இருக்கு” என்றான். மூத்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம வாய்க்கால்ல இருந்தா நானும் விட்டிருப்பேன்டா” என்று சொல்லி வீசினார். அவர் செய்ததே சரி என்று நினைக்கிறேன். மனம் கனக்கத்தான் செய்தது. ஆனால் இதே பிளாக்வாட்டர் நீர்ப்பரப்பில் இந்த மீன் வருவதற்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்கை ஒப்பிட்டபோது, இரு முறையும் கிடைத்த 21 மீனினங்களில் 17 இனங்கள் குறைந்திருந்தன. அந்த மீன்களுக்கும் குஞ்சுகள் இருந்தனவே.

மேரிலாந்தில் இதற்கு அளவு வரம்பில்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. உயிரோடு வைத்திருப்பதுதான் குற்றம். செவுளை அறுத்து, ரத்தம் வடியவிட்டு, ஐஸில் வைத்தோம். 2024இல் மாநிலமே இதற்குச் ‘செசபீக் சன்னா’ என்று புதுப்பெயர் சூட்டியது, மக்கள் தயங்காமல் சாப்பிடட்டும் என்று. நல்ல முடிவு. அன்றிரவு புளி கரைத்து வைத்த குழம்பில் சதை வெள்ளையாக, உடையாமல், முள் தொந்தரவின்றி இருந்தது. மூத்தவர் தலையைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

இங்கே விரால் செய்வதை நம் ஏரிகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தி செய்கிறது. அதை வளர்க்க 2000லேயே மத்திய அரசு தடை போட்டது. ஆனாலும் குளங்களில் இருக்கிறது, விரால் குஞ்சையும் விழுங்குகிறது. வீட்டுத் தொட்டியில் மீன் பெரிதாகிவிட்டதா? வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.