மலைப்பாதைக்கு ஒரு வண்டி

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலராசிரியர் எழுதியபொழுது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியத்தில் எதையேனும் தொட்டு எழுதுவேன் என்றே எண்ணியிருத்தல் கூடும். நான் எழுதப் புகுந்ததோ துவிச்சக்கர வண்டியைப் பற்றி. கல்லூரியின் வண்டிக் கொட்டகையில் நாள்தோறும் தத்தம் வண்டியைத் தேடி அலைந்த பழைய மாணவர்கள் என்னைப் பொறுத்தருள்வர்.

எங்கள் காலத்தில் வண்டியின்றி வாழ்வில்லை. 1990 ஐ அடுத்த ஆண்டுகளில் குடாநாட்டிற்குப் பெற்றோல் வராதிருந்தபோது நோயாளியும் நெல் மூடையும் விறகும் வண்டியிலேயே சென்றன. இரவில் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எங்கள் வீட்டுச் சொத்தில் எஞ்சியதெல்லாம் தந்தையாரின் றலி வண்டியில் தொங்கியது. வண்டி வாங்குவதில் அவருக்கெனத் தனி முறை உண்டு. நிறத்தைப் பாரார், பெயரைக் கேளார். முன் சில்லை ஒரு சாண் உயர்த்தித் தரையில் விடுவார். 'கடகட' என்று ஓசை எழுந்தால் ஒன்றுஞ் சொல்லாமல் திரும்பிவிடுவார்.

ஆசிரிய கலாசாலைப் பயிற்சி முடிந்தபின் காலக்கிரமத்தில் ஹற்றன் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றிற்கு வந்து சேர்ந்தேன். மேடென்பதையே அறியாத ஊரிற் பிறந்தவனுக்கு, கொழுந்து லொறிகள் செல்லும் கல்பாதைகளும் தொழிலாளர் நடந்து நடந்து வகுத்த ஒற்றையடித் தடங்களும் தீராத ஆசையை மூட்டின. ஞாயிறு காலைகளில் அவற்றில் வண்டியோட்ட வேண்டுமென்று துணிந்தேன். நாற்பதாம் வயதில் இது தகுமோ என்று இல்லாள் வினவியதை இங்கு எழுதாது விடுகிறேன்.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்து துவிச்சக்கர வண்டிகளின் விலை ஏறியிருந்தது. சீட்டெடுத்த பணம், ஒரு மாதச் சம்பளத்திற்கும் மேலானது, கையில் இருந்தது. கடையில் முன்னும் பின்னும் சுருள்வில் பூட்டிய புத்தம்புதிய வண்டி ஒன்று நின்றது. இருபத்தொரு கியர், இரு சில்லிலும் டிஸ்க் பிறேக். அதன் பளபளப்பில் மயங்கி, தந்தையார் கற்பித்த சோதனையை மறந்தேன்.

இரண்டே மாதத்தில் பின்சட்டகத்தின் மூட்டிலிருந்த பிளாஸ்ரிக் வளையம் தேய்ந்து, வண்டி வளைவுதோறும் நெளிந்தது. முன் சுருள்வில் அதிர்ச்சியை ஏற்பதுபோல் ஏற்று, மறுகணமே கையில் திருப்பித் தந்தது. எழுச்சியைத் தணிக்கும் அமைப்பு எதுவும் அதனுள் இல்லை. ஒரு நாள் மழை விட்ட இறக்கத்தில் பிறேக் பிடியை இறுக்கினேன். அது ஹாண்டிலைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. காணுக்குள் விழுந்து தோளெலும்பு முறிந்தது. ஆறு வாரம் கரும்பலகையில் எழுத இயலவில்லை.

கை தூக்கிலிருந்த நாட்களில் மேற்பிரிவிலிருந்து ஒரு தாய் வந்தார். நாட்கூலி 1000 ரூபாவாயிருந்த காலம். ஏறத்தாழ நாற்பது நாட்கூலியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வந்திருந்தார். மகன் உயர்தர வகுப்பிற்கு அத்தடங்களின் வழியே நாளும் மூன்று மைல் இறங்கி ஏற வேண்டியவன். "சேர் வச்சிருக்கிற மாதிரியே ஒன்னு வாங்கிக் குடுங்க" என்றார். என் வண்டியைக் கண்டே அவர் பணஞ் சேர்த்திருக்கிறார் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. வலித்தது தோள் மட்டுமன்று.

மறு சனிக்கிழமை பையனுடன், ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய வண்டிகளை விற்கும் கடைக்குச் சென்றேன். சுருள்வில்லே இல்லாத ஒன்றைத் தெரிந்தேன். பையனின் முகம் வாடிற்று. அப்பொழுது அவனுக்கு ஒரு கதை சொன்னேன். கலிபோர்னியாவின் மரின் மலைகளில் 1976 இல் சில இளைஞர்கள், போருக்கு முந்திய பழைய தடித்த ரயர் வண்டிகளில் ஓர் இறக்கத்தில் பந்தயம் ஓடினர். இரண்டு மைலுக்கும் குறைந்த தூரத்தில் 1300 அடி இறக்கம். பின் சில்லின் குடத்திலிருந்த பிறேக் சூடேறிக் கிறீஸ் புகைந்துபோகும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் புதிதாக அடைக்க வேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு 'றீபாக்' என்று பெயர். ஜோ பிறீஸ் என்பார் மலைக்கெனவே ஒரு சட்டகத்தைச் செய்தது அதற்கு அடுத்த ஆண்டில். இன்று இலட்சக்கணக்கில் விலை கூறும் மலை வண்டிகளின் மூதாதையர் அப்பழைய வண்டிகளே. பையன் பாதி நம்பினான்.

அவனை வண்டியின் மேல் நிற்கச் செய்து, பாருக்கும் உடலுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி உண்டா என்று பார்த்தேன். அளவு பொருந்தாத வண்டி இனாமாய்க் கிடைத்தாலும் ஆகாது. முன்குழாய் சேருமிடத்தில் வர்ணம் சுருங்கியிருந்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம். அங்கு விரலால் தடவினேன். முன்னே 22 பல், பின்னே பெரியது 32 பல் இருந்தமையால் மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. பின் சில்லில், மலிவு வண்டிகளில் போல் திருகிப் பூட்டும் பிறீவீல் இன்றிக் கசெட் இருந்தது. திருகும் வகையில் தாங்கலற்ற அச்சு நீண்டிருப்பதால் பாரத்திற்கு எளிதில் வளையும். பிறேக் பழைய றிம் வகைதான். நல்ல டிஸ்க் பிறேக் மழை நாட்டிற்கு உகந்ததே. ஆயினும் அக்கடையில் அது எங்கள் விலைக்குள் இல்லை. கட்டைகளைப் புதிதாக மாற்றி, மழையில் முன்கூட்டியே மெல்லப் பிடித்து றிம்மின் நீரை வழிக்கும்படி பழக்கினேன். மிஞ்சிய பணத்தில் கட்டையுள்ள 2.1 அங்குல ரயர் இரண்டும் தலைக்கவசம் ஒன்றும் வாங்கினோம். அவற்றில் காற்றைச் சற்றுக் குறைத்தால், கல்பாதையில் அந்த ரயரே சுருள்வில்லின் வேலையிற் பாதியைச் செய்யும்.

பணங் கொடுக்குமுன் முன் சில்லை ஒரு சாண் தூக்கி விட்டேன். ரயர் தரையைத் தொட்ட ஓசையன்றி வேறொன்றும் எழவில்லை. கடைக்காரர் என்னை வியப்போடு பார்த்தார். பையன் தானும் ஒருமுறை தூக்கி விட்டுப் பார்த்தான்.

அவன் இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். வண்டி தம்பியிடம் உள்ளது. ஞாயிறுகளில் அச்சிறுவன் எனக்கு முன்னே ஏறிச் சென்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே நான் வந்து சேரும்வரை காத்திருப்பான்.